திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்

லண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 33ஆம் அறையில் ஒரு பெண் தெய்வம் நிற்கிறது. பொன்முலாம் பூசிய வெண்கலச் சிலை. உயரம் 143 சென்ரிமீற்றர். எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயர் தாரா என்று போட்டிருக்கிறார்கள். கிடைத்த இடத்தைப் பற்றிப் பதிவு சொல்வது ஒரே ஒரு வரிதான்: இலங்கையின் கிழக்குக் கரை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்.

அந்த ஒரு வரிக்குள் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிட்டால் ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, கும்புறுமூலை, வாழைச்சேனை, ஓட்டமாவடி. பிறகு வெயிலும் பற்றைக்காடும் கடற்காற்றுமாகக் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி. வெருகல் ஆற்றைத் தாண்டினால் ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை கடைசித் துண்டைப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆட்கள் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் போய்வந்த வீதி அது. சண்டைக் காலத்தில் சனம் மூட்டை முடிச்சோடு நடந்துவந்த வீதியும் அதுதான். அந்தக் கரையில் ஏதோ ஓர் ஊருக்குச் சொந்தமான சிலை, ஊர்ப்பெயர் இல்லாமல் லண்டனில் நிற்கிறது.

அக்கா குடும்பம் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறது. அங்கே போய் நின்ற நாட்களில், பள்ளிக்கூட விடுமுறையில் இருந்த அக்காவின் மகளையே வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனேன். உள்ளே நுழையக் காசு இல்லை. பையைத் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் விட்டுச்சென்ற சேகரிப்பை வைத்து 1753இல் உருவாக்கி, 1759இல் மக்களுக்குத் திறந்த இடம் அது. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பங்கு, மனைவி வழியாக வந்த ஜமேய்க்கக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் சிந்திய வியர்வை. இதை இப்போது அருங்காட்சியகமே அவருடைய சிலைக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. எழுதியது நல்லதுதான்.

நடு முற்றத்துக்கு மேலே மூவாயிரத்துக்கும் அதிகமான கண்ணாடித் துண்டுகளால் ஆன கூரை. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது உண்மையிலேயே மனம் விரிந்தது. எகிப்து ஒரு பக்கம், அசீரியா ஒரு பக்கம், கிரேக்கம் ஒரு பக்கம். சேகரிப்பில் ஏறக்குறைய 80 இலட்சம் பொருட்கள் இருக்கின்றன, அவற்றில் மக்கள் பார்க்க வைத்திருப்பது 80,000 அளவில். நூற்றுக்கு ஒன்று. அந்த ஒன்றையே ஒரு நாளில் பார்த்து முடிக்க ஏலாது. ரொசெட்டாக் கல்லைச் சுற்றி நின்ற கூட்டத்துக்குள் நாங்கள் போகவில்லை. மம்மிகளையும் பார்த்தினன் கோயில் சிற்பங்களையும் நடந்தபடியே பார்த்தோம். உலகத்தையே அடுக்கி வைத்த இடத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று பொருட்களை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போவது நல்லது. நான் வைத்திருந்தவை இரண்டு. ஒன்று யாழ். மற்றது தாரா.

யாழ் மேல்மாடியில், 56ஆம் அறையில் இருக்கிறது. மெசொப்பொத்தேமியா, இன்றைய ஈராக்கின் தெற்கு. அங்கே ‘ஊர்’ (Ur) என்றே பெயர்கொண்ட பழைய நகரத்தின் கல்லறைகளை 1920களில் லெனார்ட் வூலி தோண்டினார். அரசி புவாபியின் கல்லறையில் கிடைத்த இந்த யாழுக்கு வயது சுமார் 4,500. முன்பக்கத்தில் காளைத் தலை, பொன்னும் நீலக்கல்லும் பதித்தது. வூலி தோண்டியபோது மரம் முழுக்க உக்கிப் போயிருந்தது. ஆனால் மரம் இருந்த இடம் மண்ணுக்குள் வெற்றிடமாக அப்படியே நின்றது. அந்தக் குழிக்குள் சாந்தை ஊற்றி இறுகவிட்டு, உக்கிப்போன வாத்தியத்தின் வடிவத்தை அவர் மீட்டெடுத்தார்.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது எனக்கு விபுலானந்த அடிகள் நினைவுதான். மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் யாழ் என்றால் அவர்தான். 1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானமும் கணிதமும் படித்து, துறவியாகி, தன் கடைசி வருடங்களைப் பழந்தமிழர் யாழுக்காகவே செலவழித்தார். எங்களிடம் ஒரு யாழ் கூட மிஞ்சவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் நரம்பும் பண்ணும் பற்றிய அடிகள்தான் மிஞ்சியிருந்தன. அந்த அடிகளுக்குள் கணக்கைச் செலுத்திச் சுருதிகளையும் வாத்தியத்தின் அமைப்பையும் அவர் வெளியே எடுத்தார். யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. அதே வருடம் அவரும் போய்விட்டார். மண்ணில் இருந்த வெற்றிடத்திலிருந்து ஒருவர் யாழை எடுத்தார் என்றால், பாட்டில் இருந்த வெற்றிடத்திலிருந்து இவர் எடுத்தார். அடிகளாருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. அங்கே போயிருக்கிற பிள்ளைகள் என்றாவது இந்த 56ஆம் அறைக்கு வந்தால் அவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரியும். அக்காவின் மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். “அப்ப எங்கட யாழ் ஒண்டு செய்து இதுக்குப் பக்கத்தில வைக்கலாமே, சித்தி” என்றாள். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்த யாழின் விவரத்தில் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. அது கிடைத்த கல்லறைக்கு ஓர் எண் இருக்கிறது: 800. வூலி கல்லறைகளுக்கெல்லாம் எண் கொடுத்து, எது எந்த மூலையில் எதற்கு அருகில் கிடந்தது என்று குறித்து வைத்தார். 4,500 வருடத்துக்கு முந்திய ஒரு வாத்தியம் எந்தக் குழியில் யாருக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. தாராவுக்கோ ஒரு மாகாணத்தின் பாதிக் கரையைத்தான் முகவரியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

தாராவிடம் போகும் வழியில் 24ஆம் அறையைக் கடக்க வேண்டும். அங்கே ராப்பா நூய் தீவிலிருந்து, அதாவது ஈஸ்டர் தீவிலிருந்து, 1868இல் ஒரு பிரித்தானியக் கப்பலின் ஆட்கள் தூக்கிவந்த பெரிய கல்லுருவம் நிற்கிறது. இரண்டரை மீற்றர் உயரத்துக்குக் கிட்ட. ஹோவா ஹகனனையா என்று அந்தத் தீவு மக்கள் அதை அழைக்கிறார்கள். அவர்களுக்கு அது முன்னோரின் உயிருள்ள உரு. 2018இல் அந்தத் தீவின் பிரதிநிதிகள் லண்டனுக்கு வந்து அதைத் திருப்பிக் கேட்டார்கள். சில ஆயிரம் பேரே வாழும் ஒரு சின்னத் தீவு. அவ்வளவு தூரம் வந்து, இது எங்கள் முன்னோர் என்று அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். நான் அதைக் கடந்துபோகும்போது நடையைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு படிகளில் ஏறி 33ஆம் அறை. நீண்ட மண்டபம். ஒரு பாதி சீனா, மறுபாதி தெற்காசியா. அந்த மண்டபத்தில் அவளைத் தேட வேண்டியதில்லை, தூரத்திலேயே தெரிகிறாள்.

வலது கை கீழே தொங்கி, உள்ளங்கை எங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. கொடுக்கிற கை. வரத முத்திரை. இடது கை ஒரு பூவைப் பிடிக்கிற மாதிரி மடிந்திருக்கிறது, பூ இல்லை. தாமரையாக இருந்திருக்கலாம் என்கிறார்கள். தலையில் சடை உயரமாகக் கூட்டிக் கட்டப்பட்டு, அதன் முன்பக்கத்தில் ஒரு சின்ன மாடம். அந்த மாடத்துக்குள் உட்கார்ந்த புத்தர் உரு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். மகாயான பௌத்தத்தின் தெய்வம் என்று அவளை அடையாளம் காண அந்த மாடம் ஒரு முக்கியமான சான்று. இடுப்புக்குக் கீழே மெல்லிய சீலை, மடிப்பு மடிப்பாகக் கணுக்கால்வரை. மேலே ஒன்றும் இல்லை. இடை அவ்வளவு சிறிது. முகத்தில் அவசரம் இல்லை. வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு.

இதைச் செய்தவரின் கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. முதலில் மெழுகில் உருவத்தைச் செய்து, அதைச் சுற்றிக் களிமண்ணைப் பூசி, சூடாக்கி மெழுகை வடியவிட்டு, அந்த இடத்துக்குள் உருகிய உலோகத்தை ஊற்றுவது பழைய முறை. பெரிய சிலைகளுக்கு உள்ளே மண்கரு வைத்துப் பொள்ளாக வார்ப்பது வழக்கம். உலோகம் மிச்சம், ஆறும்போது வெடிக்கிற பயமும் குறைவு. தாரா அப்படி இல்லை. முழுச் சிலையும் திண்ணமான வார்ப்பு. இந்த உயரத்தில் அவ்வளவு உலோகத்தை ஒரே சூட்டில் உருக்கி, நடுவில் நிற்காமல் விரல் நுனிவரைக்கும் ஓடவிட வேண்டும். மேலே பொன்னும் பூச வேண்டும். ஒரு சின்ன ஊர் மடத்தால் ஆகிற காரியம் இல்லை. அநுராதபுரக் காலத்து இலங்கையில் பெரிய செல்வமும், பரம்பரை பரம்பரையாகக் கைபழகிய வார்ப்புக்காரரும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

அக்காவின் மகள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். “கோயில்ல அம்மன் இப்படி இல்லையே” என்றாள். அவள் சொன்னதில் பெரிய விஷயம் இருக்கிறது. எங்கள் கோயில்களில் செப்புத் திருமேனியின் உடம்பை நாங்கள் பார்ப்பதே இல்லை. பட்டு, மாலை, நகை, சந்தனக்காப்பு. முகமும் கையும் தெரிந்தால் உண்டு. வார்த்தவர் இடுப்பை எப்படி வளைத்தார், முதுகை எப்படி இழைத்தார் என்பது அபிஷேகம் செய்கிற ஐயருக்கு மட்டும்தான் தெரியும். அருங்காட்சியகத்தில் எல்லாம் தலைகீழ். உடம்பு முழுக்கத் தெரிகிறது, பின்பக்கம்கூட. பூவும் விளக்கும் ஒரு துளி நீரும் கிடையாது. இரண்டிலும் எதைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் கோயிலில் மட்டும் நின்று பழகிய எனக்கு, ஒரு தெய்வத் திருமேனியை முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தது அதுவே முதல் தடவை. சிற்பியின் முன்னால் தலை குனிந்தது அப்போதுதான்.

லண்டனுக்குப் போன புதிதில் அங்கிருந்தவர்களும் அவளைப் பார்த்துக் கூச்சப்பட்டார்கள், வேறு விதமாக. 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர் றொபேட் பிரவுன்றிக். 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிடித்தவர். அவர்தான் 1830இல் இந்தச் சிலையை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மார்பு மூடாத பெண் உருவம் பொதுமக்கள் பார்க்கத் தகாதது என்று சொல்லி, சுமார் முப்பது வருடம் அதைப் பூட்டி வைத்தார்கள். கேட்டு வந்த அறிஞர்கள் மட்டும் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஆயிரமாயிரம் பேர் கைகூப்பி நின்ற முகம், ஒரு அலுமாரிக்குள் முப்பது வருடம்.

எங்கள் பக்கத்திலும் அம்மனுக்குக் கதவு பூட்டுவார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கண்ணகி கோயில்கள் பலவற்றில் வருடத்தில் ஒருமுறை, வைகாசியில்தான் கதவு திறக்கும். கதவு திறத்தல், கல்யாணக்கால் நடுதல், இரவிரவாகக் கண்ணகியின் கதையான வழக்குரை படித்தல், கடைசியில் குளிர்த்தி. மதுரையை எரித்த கோபம் ஆற, அம்மனைக் குளிர வைக்கிற சடங்கு. எங்கள் அம்மாவின் ஊர் தம்பிலுவில். குளிர்த்திக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வரும். அந்தக் கதவு பூட்டியிருக்கிற நாட்களிலும் அம்மன் உள்ளே இருக்கிறா என்று ஊர் முழுக்க நினைத்துக்கொண்டே இருக்கும். வயலுக்குப் போகிறவன் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவான்.

கண்ணகியைப் பற்றி நான் இங்கே சும்மா பேசவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கலை வரலாற்று நூல்களில் இந்தச் சிலைக்குப் போட்டிருந்த பெயர் தாரா அல்ல. பத்தினி தெய்வம். சிங்கள மக்கள் பத்தினி என்று கும்பிடுவது எங்கள் கண்ணகியைத்தான். சிலப்பதிகாரமே கடல்சூழ் இலங்கைக் கயவாகுவை, சேரன் எடுத்த விழாவுக்கு வந்த அரசர்களில் ஒருவனாகச் சொல்கிறது. கண்டியில் பத்தினிக்குத் தேவாலயம் இருக்கிறது. எங்களுக்குத் தம்பிலுவில், அவர்களுக்குக் கண்டி. ஒரே பெண்ணின் கதை. ஆக, கண்ணகி கோயில்கள் நிறைந்த எங்கள் கரையிலிருந்து போன சிலையை அறிஞர்கள் கொஞ்சக் காலம் கண்ணகி என்றே நினைத்திருக்கிறார்கள். பிறகு தலைமாடத்தையும் கை அமைதியையும் ஆராய்ந்து தாரா என்று திருத்தினார்கள். திருத்தம் சரிதான், நான் அதோடு வாதிடவில்லை. ஆனாலும் இதை அறிந்த பிறகு அவள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் எங்கள் கரை எப்படி இருந்தது? திருகோணமலைக்கு வடக்கே திரியாயில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம். அங்குள்ள பௌத்த தலத்தோடு வணிகர் கூட்டங்களைத் தொடர்புபடுத்திப் பேசுகிறது. கப்பல்கள் வந்துபோயின, வணிகர் வந்தார்கள், அவர்களோடு தெய்வங்களும் வந்தன. கடலில் போகிறவர்களைக் காப்பவள் என்று தாராவை அந்தக் கால ஆசியா முழுக்க வேண்டிக்கொண்டது. மேற்கே எங்களுக்குக் கரைதட்டாத வாவிகள், கிழக்கே பெருங்கடல். இந்தக் கரையில் அவளுக்குக் கோயில் எழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இன்று கிழக்கில் ஒரு பழைய கல் கிளம்பினால் உடனே, இது யாருடைய நிலம் என்ற சண்டையாகிவிடுகிறது. புத்தர் சிலை கிடைத்தது என்றால் தமிழ் ஊர் பயப்படுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பௌத்தம் தமிழுக்கு அந்நியம் இல்லை. கோவலனின் மகள் பௌத்தத் துறவியான கதைதான் மணிமேகலை. கண்ணகியைத் தாயாக நினைக்கிற பெண் புத்தரின் அறத்தைக் கேட்கிறாள். அப்படிப்பட்ட காப்பியத்தை வைத்திருக்கிற மொழி, வாகரை மணலிலோ மூதூர்க் கரையிலோ கிடந்த ஒரு தாராவைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. தாரா எங்களுக்கும் உரியவள். சிங்கள மக்களுக்கும் உரியவள். ஒருவருக்கு உரியது என்றால் மற்றவருக்கு இல்லை என்ற கணக்கு அவளிடம் செல்லாது.

இரவுச் சாப்பாட்டில் இதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். அத்தான் ஒரேயடியாகச் சொன்னார்: “அங்க இருந்திருந்தா இண்டைக்கு மிஞ்சியிருக்குமா? இஞ்ச கொண்டுவந்தபடியாத்தான் நாங்க பாக்கிறம்.” வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1978 நவம்பர் சூறாவளியில் பெரியம்மா வீட்டுக் கூரையோடு பழைய ஏட்டுக் கட்டும் போனது. 2004 மார்கழியில் கடல் வந்து வீடு வீடாக எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது. யுத்தத்தில் போனதைச் சொல்லி முடியாது.

மீதிப் பாதிக்குப் பதில் கொழும்பில் இருக்கிறது. 1877இல் திறந்த தேசிய நூதனசாலைக்குப் போய், பொலன்னறுவைச் சைவ வெண்கலங்களுக்கு முன்னால் நின்று பாருங்கள். நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார், எலும்பும் தோலுமாக உட்கார்ந்து தாளம் போடும் காரைக்காலம்மையார். நூற்றாண்டுக்கணக்காக மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்து, 1907, 1908 அகழ்வுகளில் வெளியே வந்தவை. அன்றிலிருந்து இத்தனை கலவரத்துக்கும் யுத்தத்துக்கும் ஊடாக அங்கேயே இருக்கின்றன. எங்கள் மண்ணும் காத்தது, எங்கள் நாட்டு ஊழியரும் காத்தார்கள்.

அவள் திரும்பி வர வேண்டும் என்பதே என் எண்ணம். பொருட்களைச் சேகரிப்பிலிருந்து விலக்குவதை பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கான 1963ஆம் ஆண்டுச் சட்டம் மிகச் சில சந்தர்ப்பங்கள் தவிர அனுமதிப்பதில்லை. சட்டம் மனிதர் எழுதியது, மாற்றி எழுதலாம். நெதர்லாந்து 2023 டிசம்பரில் ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. 1765இல் கண்டி அரண்மனையைக் கொள்ளையடித்தபோது ஒல்லாந்தர் எடுத்துப்போனவை. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கேயின் பீரங்கி அதில் ஒன்று. ஆம்ஸ்டர்டாமில் அதை எங்கே பிடித்தார்கள், எப்படி வந்தது என்று ஆட்களை விட்டு ஆராய்ந்து, கொள்ளை என்று உறுதியான பிறகு கொடுத்தார்கள். பூர்வீகத்தை ஆராய்வதிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. பிரவுன்றிக்கின் ஆட்கள் ஓர் ஊர்ப்பெயரை எழுதாமல் விட்டது எவ்வளவு பெரிய இழப்பு என்று அப்போது இன்னும் நன்றாக விளங்கியது. எந்த ஊர் கேட்பது? வெருகலா, கதிரவெளியா, மூதூரா? ராப்பா நூய் மக்கள் தங்கள் தீவின் பெயரைச் சொல்லிக் கேட்க முடிந்தது.

ஊருக்கு வந்ததும் தம்பிலுவிலுக்குப் போய்ப் பெரியம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கனநேரம் பார்த்தா.

“ஆருகா இது? நம்மட அம்மன் மாதிரியல்லோ இரிக்கி.”

தாரா என்று சொன்னேன். லண்டனில் இருக்கிறா என்றேன். முதலில் பத்தினி என்றுதான் எழுதியிருந்தார்கள் என்றும் சொன்னேன்.

“மறுகா என்ன, அவதான். ஒரு பட்டுத்துண்டையாவது சாத்தி வெச்சிரிக்கலாமே. ஆரு வெளக்கு வெக்கிற அங்க?”

ஒருவரும் வைப்பதில்லை என்றேன். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. படத்தைத் தன் பேரனின் போனுக்கு அனுப்பச் சொன்னா. அவனுக்கும் இப்படி ஒரு சிலை இருப்பதே தெரியாது. எங்கள் தெருவில் நான் கேட்ட யாருக்கும் தெரியாது. உலகத்தையே கூட்டிவைத்த ஓர் இடத்தில் எங்கள் கரையின் பெயரால் ஒரு தெய்வம் நிற்கிறது, எங்கள் கரைக்கு அது தெரியாது.

அதற்குப் பிறகு நான் எங்கள் பக்கத்துச் சின்ன நூதனசாலைகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். மட்டக்களப்புக் கோட்டைக்குள் ஒன்று இருக்கிறது. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை. காத்தான்குடியில் முஸ்லிம்களின் பூர்வீக வாழ்வைச் சொல்லும் நூதனசாலை இருக்கிறது. கிழக்கு முஸ்லிம்களின் வீடும் தொழிலும் கலியாணமும் எப்படி இருந்தன என்று பார்க்க விரும்புகிறவர்கள் அங்கே கட்டாயம் போக வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் தீகவாபியில் தூபிக்கு அருகே தொல்பொருள் நூதனசாலை ஒன்று. பள்ளிக்கூடங்கள் சுற்றுலா என்றால் பிள்ளைகளைக் கொழும்பு மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோகின்றன. அரை நாளில் போய்வரக்கூடிய இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பயணம் வைக்கலாம்.

கோயில்களில் இருக்கிறவற்றை நினைத்தால்தான் எனக்குப் பதற்றம். வழக்குரை ஏடுகள், சிலம்பு, பிரம்பு, பழைய உடுக்கு, செப்புக் குடம். எது எந்தக் குடி, அதாவது எந்தத் தாய்வழிக் குலம், கொடுத்தது, பூசை செய்கிற எந்தக் கப்புகனார் காலத்தில் வந்தது என்று வயதானவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் இல்லை. சில கோயில்களில் திருப்பணி முடிந்ததும் பழையதை எங்கே வைத்தார்கள் என்றே தெரியாமல் போகிறது. தம்பிலுவிலில் பெரியம்மாவின் பேரனும் அவனுடைய கூட்டாளிகளும் இப்போது ஒரு கொப்பி போட்டிருக்கிறார்கள். படம் எடுக்கலாம் என்று கோயில் ஆட்கள் சொன்ன பொருட்களை மட்டும் படம் எடுத்து, அளவு, செய்த பொருள், கொடுத்த குடி, சொன்னவர் பெயர், எல்லாம் எழுதுகிறார்கள். முதல் நிரலில் ஊர்ப்பெயர், கோயில்பெயர். அதை எழுதாமல் ஒரு பக்கமும் தொடங்கக்கூடாது என்று நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். மற்ற ஊர்களிலும் யாராவது செய்வதாக இருந்தால் கொப்பியின் மாதிரியைத் தருகிறேன்.

தாராவைப் பார்க்க லண்டனுக்குப் போகத் தேவையில்லை. அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் 1830,0612.4 என்ற எண்ணைப் போட்டுத் தேடினால் படம் வரும். பெருப்பித்து வலது கை விரல்களையும், சீலையின் மடிப்பையும், தலைச் சடையில் இருக்கிற சின்ன மாடத்தையும் பாருங்கள். லண்டனில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு: பெரிய வாசலால் போனால் கூட்டம். பின்பக்கம் மொன்ரேகு பிளேஸ் வீதியில் வடக்கு வாசல் இருக்கிறது, அதனால் நுழைந்தால் 33ஆம் அறை கிட்ட. வெள்ளிக்கிழமைகளில் இரவு 8.30 வரை திறந்திருக்கும். வேலை முடிந்து போகலாம்.